ஏழாம் நம்பர் ரவிக்கைத் துணி

என் பீரோவின் கீழ்த்தட்டில் இருபத்தாறு ரவிக்கைத் துணிகள் இருந்தன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் பின்னால் வெளியே வரத்தான் போகிறது. நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

நான் ஜெயசித்ரா. சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் நடத்துகிறேன், பதினெட்டு வருஷமாக. இந்த ஊரில் வடக்கு எது தெற்கு எது என்று தடுமாறாமல் கைகாட்டும் பெண்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

போன ஜூனில் தென்காசியில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. தலைப்பு, சுழற்சிப் பொருளாதாரம். மண்ணிலிருந்து எடுத்து, பொருளாகச் செய்து, கொஞ்ச நாள் வைத்திருந்து குப்பையில் வீசினால் அது நேர்கோடு. வீசாமல் பழுதுபார்த்து, கைமாற்றி, வேறொன்றாக மாற்றி, பொருளைக் கடைசிவரை உழைக்க வைத்தால் அது வட்டம். இதைப் பிள்ளைகளுக்குப் புவியியல் வழியாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸிலேயே மடியில் நோட்டை வைத்துப் பாடக்குறிப்பு எழுதி முடித்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் நான் குனிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, வாந்தி வருகிறதா, ஜன்னலோரம் மாறிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

மறுநாள் வகுப்பில் போர்டில் மூன்று வரி எழுதினேன். தேவையில்லாமல் வாங்காதே. வாங்கினால் பயன்படுத்து. பயன்படாவிட்டால் பயன்படுத்துகிறவரிடம் கொடு. ஒரு வாரம் அழிக்க விடவில்லை. கணக்கு டீச்சர் அந்த மூன்று வரிக்குக் கீழே மிஞ்சிய இடத்தில்தான் அல்ஜீப்ரா நடத்தினார். அந்த ஒரு வாரத்தில் ஒரு தடவைகூட எனக்கு என் பீரோவின் ஞாபகம் வரவில்லை. மனுஷ மனசு அப்படித்தான்.

பிறகு ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். வீட்டில் உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். அது எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, எங்கே போய் முடிகிறது என்று வரைபடம் போட வேண்டும். திசை, அளவை, குறிவிளக்கம் மூன்றும் கட்டாயம். பார்க்காததை வரையக் கூடாது, பார்த்ததை மறைக்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னேன். வரைபடம் பொய் சொன்னால் அதை நம்பி நடக்கிறவன் கிணற்றில் விழுவான் என்றும் சொன்னேன். இது நான் வருஷா வருஷம் சொல்கிற வசனம். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவேன்.

நாற்பது பிள்ளைகளில் இருபத்தெட்டுப் பேர் தண்ணீர் பாட்டில் எடுத்தார்கள். ஒருத்தி அப்பாவின் பழைய பைக்கை எடுத்தாள். அது இரண்டு வருஷமாக வாசலிலேயே நிற்பதால் வரைபடத்தில் ஒரு புள்ளியோடு வேலை முடிந்தது. மாரிசெல்வி மட்டும் எழுந்து நின்று ரவிக்கைத் துணி என்றாள்.

மாரிசெல்வியின் அம்மா முருகம்மாள் திருவேங்கடம் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். கூடவே ரவிக்கைத் துணியும் விற்கிறாள். விசேஷ வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்புகிற பெண்களுக்கு வெற்றிலை பாக்கோடு மடித்து வைத்துக் கொடுப்போமே, அந்தத் துணி.

"மாசத்துக்கு நூறு துணி விக்குது டீச்சர். தைக்கதுக்குன்னு ஒண்ணுகூட எங்க கடைக்குத் திரும்பி வரல. அதெல்லாம் எங்கன போகுதுன்னு பாக்கணும்" என்றாள்.

எனக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கூந்தன்குளத்துக்கு வரும் பறவைகளை உதாரணம் சொல்லி, காலில் வளையம் மாட்டி விட்டால் பறவை எங்கே போனாலும் கண்டுபிடிக்கலாம் என்று நானே வழியும் காட்டிக்கொடுத்தேன். அவள் பத்து நிறத்தில் பத்துத் துணி எடுத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தையல் போட்டாள். ஒன்றாம் துணிக்கு ஒரு தையல், ஏழாம் துணிக்கு ஏழு தையல். ஆவணி மாதம் கடையில் மற்றத் துணிகளோடு கலந்து விட்டாள்.

கண்காணிக்க நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்களே. வீட்டுக்கு ரவிக்கைத் துணி வந்தால் முதலில் மூலையைப் பார்ப்பது என்று வகுப்பே கட்டுப்பாடு போட்டுக்கொண்டது. திங்கட்கிழமை முதல் பீரியடில் தகவல் வரும். ரெண்டாம் நம்பர் எங்க அத்தை வீட்டுக்குப் போயிருச்சு டீச்சர், ஐந்தாம் நம்பர் ராஜபாளையம் ரோட்டுப் பக்கம் ஒரு வளைகாப்பில் இருக்கு டீச்சர். போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு சுறுசுறுப்பு இருக்காது. யாருடைய வீடு என்று பெயர் போடக் கூடாது, எழுத்தும் எண்ணும்தான் போட வேண்டும் என்று நான் விதி வைத்தேன். சங்கரன்கோவில் வீடுகளுக்கு ச, புளியங்குடி வீடுகளுக்கு பு. தலைமையாசிரியை சுந்தரம்மாள், மாசி மாதக் கண்காட்சியில் இதைத்தான் முன்னால் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இதற்கு நடுவில் என் மகள் தேன்மொழிக்குக் கல்யாணம் கூடிவந்தது.

மாப்பிள்ளை கண்ணன், புளியங்குடிக்காரர். எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருக்கும் குடும்பம். தேன்மொழிக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. போனில் பேசும்போது அவள் சுவரைப் பார்த்துச் சிரிப்பதை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் மாப்பிள்ளையின் அம்மாவோடுதான் இருக்கப்போகிறார்கள். அந்த அம்மாள் பெயர் ஆவுடையம்மாள். அவர் எதையும் மறக்க மாட்டார் என்பது புளியங்குடி முழுக்கப் பிரசித்தம். புதுவீடு புகுந்த அன்று கூடப்பிறந்த அண்ணன் பழைய தூக்குச்சட்டிக்குப் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்தார் என்று ஆறு வருஷம் அவரோடு பேசவில்லையாம். இதைத் தரகர் எங்களிடம் பெருமையாக வேறு சொன்னார். என்னால் ஒரு குறை வந்து அது என் மகள் தலையில் விடியக் கூடாது. எனக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

தை மாதம் முதல் வாரத்தில் பூ வைக்க வந்தார்கள். ஆவுடையம்மாள் தட்டில் வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணி வைத்து என்னிடம் கொடுத்தார். காப்பிப்பொடிக் கலர், அதில் வெள்ளைப் புள்ளி. எந்தச் சேலைக்கும் பொருந்தாத நிறம். வழக்கம்போல, கொடுத்தவர் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி, துணியில் குண்டூசியால் குத்தி, பீரோவில் வைத்தேன்.

இந்தக் குண்டூசி ஏற்பாடு என்னுடையது. வந்த துணியை இன்னொருவருக்குக் கொடுப்பதில் தப்பே இல்லை, எல்லாரும் செய்வதுதான், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்தால் உன் துணி எனக்கு வேண்டாம், உன் உறவும் வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி. அதற்காகத்தான் சீட்டு. பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தவறியது கிடையாது.

தை கடைசியில் எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம். சம்பந்தி அம்மாளுக்குக் கடையில் போய்ப் பட்டுச்சேலை எடுத்தோம். கிளம்பும் பெண்களுக்குக் கொடுக்கிற தாம்பூலப் பைகளில் துணி போடுகிற வேலையை என் கணவர் தங்கசாமி ஏற்றுக்கொண்டார். அவர் தானாக ஒரு வேலையை ஏற்றுக்கொண்டாலே நான் உஷாராகிவிட வேண்டும். அன்று ஏனோ ஆகவில்லை. எல்லாம் சிறப்பாக நடந்தது. வழியனுப்பும்போது சந்தோஷம் தலைக்கேறி, மாசியில் எங்கள் பள்ளியில் கண்காட்சி, என் பிள்ளைகள் செய்திருக்கும் வேலையை மதினி கட்டாயம் வந்து பார்க்க வேண்டும் என்று நான்தான் அழைத்தேன். வாரேன் என்றார் ஆவுடையம்மாள்.

கண்காட்சிக்கு மூன்று நாள் முன்னால், புதன்கிழமை, மாரிசெல்வி முழு வரைபடத்தையும் மேஜையில் விரித்தாள். என்ன அழகு தெரியுமா. சங்கரன்கோவில் கோபுரம், ரயில் பாதை, புளியங்குடி எலுமிச்சைச் சந்தை எல்லாம் சின்னச் சின்னக் குறியீடாக இருந்தன. பத்துத் துணிக்குப் பத்து நிறக் கோடு. அதில் ஏழாம் நம்பர் சிவப்புக் கோடுதான் எல்லாவற்றையும்விட நீளம். நவராத்திரியில் ச-1 வீட்டிலிருந்து கிளம்பி ச-9 வீட்டுக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து ச-14. எங்கள் டிராயிங் மாஸ்டர் சேக் மைதீன் அதைப் பார்த்துவிட்டு, ச-14 தன் வீடுதான் என்று தானாகவே ஒப்புக்கொண்டார். அவர் வீட்டிலிருந்து பிரியாணி போன தூக்குவாளியை வெறுமே திருப்பித் தரக் கூடாது என்று ச-9 வீட்டார் உள்ளே துணியை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் கேக் வந்த தட்டை வெறுமே திருப்பித் தரக் கூடாது என்று அவர் வீட்டிலிருந்து அது புளியங்குடி பு-2 போயிருக்கிறது. பு-2 இலிருந்து பு-3. அங்கிருந்து திரும்பவும் ச-1. பிறகு மறுபடியும் பு-3. அதற்கப்புறம் ஒரு கேள்விக்குறி.

வட்டமே போட்டுவிட்டது. நான் கைதட்டிவிட்டேன். பயிற்சியில் சொன்னது கண்முன்னால் நடந்திருக்கிறதே. ச-1 யார் வீடு என்று ஆசையாகக் கேட்டேன்.

மாரிசெல்வி அழிரப்பரைப் பார்த்துக்கொண்டு, "உங்க வீடு டீச்சர்" என்றாள்.

ஆவணியில் முருகம்மாள் கடையில் நான் நிறம்கூடப் பார்க்காமல் பத்துத் துணி வாங்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்குள் இருந்து தகவல் கொடுத்தது யார் என்றால், என் மகளேதான். மாரிசெல்வி கேட்டாள் என்று மாதாமாதம் பீரோவைத் திறந்து மூலை பார்த்துச் சொல்லியிருக்கிறாள். சரி, போகட்டும். பு-3 யார் வீடு? புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் சண்முகசுந்தரி கையைத் தூக்கினாள். எங்க பக்கத்து வீடு டீச்சர், எலுமிச்சை மண்டி ஆவுடையம்மாள் பெரியம்மா வீடு என்றாள்.

ஆக, சம்பந்தி கொடுத்த துணியைச் சம்பந்திக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கணவரைக் கூப்பிட்டு, அன்று தாம்பூலப் பையில் துணி போட்டபோது சீட்டுகளைப் பார்த்துப் போட்டீர்களா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. வருகிற பெண்கள் கையில் ஊசி குத்திவிடக் கூடாதே என்று எல்லாக் குண்டூசியையும் சீட்டையும் எடுத்துவிட்டுத்தான் போட்டாராம். உள்ளே போய் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினார்.

"ஒரு ஊசிகூட வீணாக்கல பாத்துக்கோ. நீதான வீணாக்கக் கூடாதுன்னு சொல்லுவ" என்றார்.

அந்த மனுஷனைத் திட்டவும் முடியவில்லை. தேன்மொழிக்கு விஷயம் தெரிந்ததும் சோஃபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தைக்குத் தெரிந்தால் என்னம்மா ஆகும் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். கண்காட்சிக்கு வர வேண்டாம், வெயில் ஜாஸ்தி என்று சம்பந்திக்குப் போன் போட்டுப் பார்த்தேன். வெயில் நமக்கென்ன புதுசா மதினி என்று வைத்துவிட்டார்.

மறுநாள் இடைவேளையில் மாரிசெல்வியைத் தனியாக அழைத்தேன். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஏழாம் நம்பர் கோட்டை மட்டும் எடுத்துவிடு, ஒன்பது கோடே போதும், அழகாகத்தான் இருக்கும் என்றேன். அவள் ரப்பரைக் கையில் எடுக்கவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. டீச்சர் நான் சொல்கிறேன், எடு என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் குரல் அசையவில்லை.

"எடுத்துருதேன் டீச்சர். பத்துத் துணி விட்டோம்னு எழுதியிருக்கு. மிச்சம் ஒண்ணு எங்கன்னு யாராவது கேட்டா என்ன சொல்லட்டும்? பாத்தத மறைச்சா நடக்கவன் கெணத்துல விழுவான்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

குரலைத் தாழ்த்தி நான் சொல்கிற அந்த வசனம், பதினாலு வயசுப் பிள்ளை வாயிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. வரைபடத்தின் அடியில் அவள் எழுதியிருந்த முடிவுரையை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். பத்துத் துணிகள், முப்பத்தொரு வீடுகள், தைத்தவர் யாருமில்லை. என் பீரோவில் இருக்கும் இருபத்தாறும் கண்முன்னால் வந்து வரிசையாக நின்றன. வட்டம் வட்டம் என்று கைதட்டினேனே, ஒரு துணியாவது ஒரு உடம்பில் ஏறியதா? சும்மா ஊர் சுற்றியதற்கா நான் கைதட்டினேன்? கண்ணைத் துடைத்துக்கொள், கோடு இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

அதற்காக எனக்கு ஒரேயடியாக ஞானம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சனிக்கிழமை காலையில் சீக்கிரமே போய், அந்த வரைபடத்துக்கு முன்னால் பெரிய உலக உருண்டையைக் கொண்டுவந்து நிறுத்தினேன். மாரிசெல்வி வந்து நகர்த்தினாள். குரோட்டன்ஸ் தொட்டியை வைத்தேன். அதையும் நகர்த்தினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

பத்தரை மணிக்கு ஆவுடையம்மாள் வந்து இறங்கினார். எலுமிச்சை மஞ்சளில் சேலை. முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தார். அந்த வெயிலில் எதற்கு இப்படி என்று தோன்றியது. பள்ளிக்கூடம் என்று மரியாதைக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வந்தவரை நான் எரிமலைப் பக்கம் திருப்பினேன். சோடா மாவும் வினிகரும் ஊற்றிப் பொங்க வைக்கிற எரிமலை. மூன்று தடவை பொங்க வைத்தேன். பிறகு மழைமானி, கரிசல் மண், செம்மண், கார்ட்போர்டு விசைத்தறி. சாதாரணமாக ஐந்து நிமிஷத்தில் முடிகிற வரிசையில் நாற்பது நிமிஷம் நடத்தினேன். மண் மாதிரியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், முகர்ந்துகூடப் பார்க்கச் சொன்னேன். கடைசியில் சேக் மைதீன் மாஸ்டர் வந்து காரியத்தைக் கெடுத்தார். முக்கியமானதை இன்னும் காட்டவில்லையா டீச்சர், நம்ம ரவிக்கைத் துணி மேப் என்றார், நல்ல மனுஷன்.

ஆவுடையம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தின் முன்னால் நின்றார். சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பு-3 இல் விரல் நின்றது. அங்கிருந்து ச-1. அங்கிருந்து திரும்பவும் பு-3.

"இந்த பு-3 யாரு வீடு மக்கா?" என்று மாரிசெல்வியைக் கேட்டார்.

பெயர் சொல்லக் கூடாதும்மா, டீச்சர் சொல்லியிருக்காங்க என்றாள் அவள். அந்தப் பிள்ளை எனக்காகச் சொல்லவில்லை, விதிக்காகச் சொன்னாள். இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றிவிட்டது. மதினி, அது உங்கள் வீடு, ச-1 என் வீடு என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். பீரோ, இருபத்தாறு, சீட்டு, குண்டூசி, தீப்பெட்டி எல்லாம். வேண்டுமென்று செய்யவில்லை, என் மகள் மேல் வருத்தம் வைத்துவிடாதீர்கள், என்னோடு ஆறு வருஷம் வேண்டுமானாலும் பேசாமல் இருங்கள் என்றேன். சுற்றிலும் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஆவுடையம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மாரிசெல்வி பக்கம் திரும்பி, கடைசியில் எதற்குக் கேள்விக்குறி என்று கேட்டார். அதுக்குப் பிறகு ஒரு மாசமா அது யார் வீட்டுக்கும் வரவில்லை, எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்றாள் மாரிசெல்வி.

"தெரியாம என்ன. இங்கனதான் இருக்கு" என்றபடி அவர் முந்தானையை எடுத்தார்.

காப்பிப்பொடிக் கலர், வெள்ளைப் புள்ளி. கழுத்தும் முதுகும் அந்தத் துணி. கை இரண்டும் வேறு, ஏதோ பழைய சேலையில் வெட்டிச் சேர்த்தது. எலுமிச்சை மஞ்சள் சேலைக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை.

"தட்டுல வச்சு நான் குடுத்தது என் கைக்கே வந்ததும் எனக்கு ஆத்தரந்தான் மதினி. ரெண்டு நாள் சோறு எறங்கல. கண்ணன்ட்ட சொல்லி எல்லாத்தையும் நிறுத்திப்புடுவமான்னுகூட இருந்துச்சு" என்றார்.

அவர் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெறகு யோசிச்சேன். நான் மட்டும் கடையில போயா வாங்குனேன்? அடுத்த வீட்டு ஏஞ்சல் குடுத்தத மடிப்புக் கலையாம உங்க தட்டுல வச்சேன். என் வீட்டுக்கு வாரவ அம்மாவுக்கு, அதையா வச்சேன்? இத இன்னும் வெளிய விட்டா எந்த வீட்டுச் சம்பந்தத்துல போயி நிக்குமோ. அதான் தச்சுப் போட்டுட்டேன். துணி பத்தல. சேலையும் பொருந்தல. சம்பந்தி பள்ளிக்கூடத்துக்கு இதப் போட்டுட்டுத்தான் வரணும்னு வந்தேன், வாசல் வரைக்கும் வந்து கூச்சப்பட்டுப் போர்த்திக்கிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் முன்னால் பதினெட்டு வருஷத்தில் நான் அழுதது அதுதான் முதல்முறை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சொரசொரவென்று, எலுமிச்சை மணத்தோடு இருந்தது. போர்டில் மூன்று வரி எழுதி ஒரு வாரம் அழிக்க விடாதவள் நான். முப்பத்தொரு வீட்டில் அந்த வரியைப் படிக்காமலே செய்தவர், நான் மூன்று நாளாகப் பயந்து நடுங்கிய இந்த அம்மாள்.

மாரிசெல்விக்கு என் அழுகையில் அக்கறையில்லை. அம்மா, மூலையைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டாள். ஆவுடையம்மாள் இடுப்புப் பக்கத்து மடிப்பைத் திருப்பிக் காட்டினார். அவள் குனிந்து ஒன்று, இரண்டு என்று ஏழுவரை வாய்விட்டு எண்ணினாள். பிறகு கேள்விக்குறியை அழித்துவிட்டு அங்கே ஒரு புள்ளியை நிரப்பினாள். அடியில் 'தைத்தவர் யாருமில்லை' என்பதை அடித்துவிட்டு 'தைத்தவர் ஒருவர்' என்று எழுதினாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வந்தார். டீச்சருடைய சம்பந்தி முதல்முறையாகப் பள்ளிக்கு வந்திருக்கிறார், வெறுங்கையோடு அனுப்பலாமா என்று ஒரு தாம்பூலப் பையை நீட்டினார். ஆவுடையம்மாள் உள்ளே கையை விட்டார். கத்திரிப்பூக் கலரில் ஒரு ரவிக்கைத் துணி வந்தது. நாற்பது தலையும் ஒன்றாகக் குனிந்து மூலையைப் பார்த்தன. நாலு தையல்.

தலைமையாசிரியைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆவுடையம்மாள் துணியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"இத நீங்க முடிச்சு வைங்க மதினி" என்றார்.

எப்போது தைப்பீர்கள் டீச்சர், தேதி வேண்டும் என்றாள் மாரிசெல்வி, பென்சிலும் கையுமாக.

மறுநாளே முருகம்மாள் கடைக்குப் போனேன். அவள் துணியை மேஜையில் விரித்து, என்னை மேலும் கீழும் பார்த்து, கை வராது டீச்சர் என்றாள். கைக்கு என்று பீரோவிலிருந்து இன்னொன்றைக் கொண்டுபோனேன். கொண்டுபோனதுதான் போனேன், மிச்சத்தையும் கொண்டுபோய்க் கொட்டினேன். அதில் பத்து எனக்கு ரவிக்கை ஆயிற்று. மற்றதை வகுப்புக்கு வரைபடம் சுருட்டி வைக்கிற உறைகளாகத் தைக்கச் சொன்னேன். கத்திரிப்பூ உடம்பும் பச்சைக் கையுமாகத் திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். கணக்கு டீச்சர் சிரித்தார். சிரிக்கட்டும்.

வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாம்பூலப் பையில் என்ன போடுவது என்று பேச்சு வந்தபோது ஆவுடையம்மாள்தான் முடிவு சொன்னார். ரவிக்கைத் துணி கிடையாது, ஆளுக்கு ஆறு எலுமிச்சம்பழம். பழம் சுற்றாது, ஒரு வாரத்தில் பிழிந்தாக வேண்டும், இல்லையென்றால் அழுகும் என்றார். மண்டியிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. பை கட்டுகிற வேலையை என் வகுப்புப் பிள்ளைகள் செய்தார்கள். என் கணவரைப் பக்கத்தில் விடவில்லை.

கல்யாணம் முடிந்து நாலாம் நாள் காலையில் தேன்மொழி போன் செய்தாள். அத்தை அவளுக்கு மண்டிக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாராம், அவள் அத்தைக்கு மேப்பில் வழி பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறாளாம். பேசும்போது சிரித்தாள். நான் நிம்மதியாகப் போனை வைத்த சமயத்தில் எதிர் வீட்டு அம்மாள் வந்தார். இட்லிப் பொடி கொடுத்துவிட்டிருந்தேனே, அந்தக் கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தார். வெறுமே தரக் கூடாதே, உள்ளே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். காம்புக்குப் பக்கத்தில் நீலப் பேனாவால், கண்ணுக்குத் தெரியாத அளவில், ஒன்று என்று எழுதியிருந்தது.

அந்த அம்மாள் வாசல் தாண்டுவதற்குள் பழத்தை அறுத்து, தம்ளரில் பிழிந்து, சர்க்கரைகூடப் போடாமல் குடித்தேன். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டே மாரிசெல்விக்குப் போன் போட்டுத் தேதியைச் சொன்னேன்.